தேயிலை தழைக்கும் மண்ணில் போஞ்சி ஏன் வாடுகிறது?

இரத்தினபுரி மாவட்டத்தின் குருவிட்டப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னாலோ கான் ஓரத்திலோ மரக்கறிக்கென்று ஒரு துண்டு நிலமாவது இருக்கும். அதற்கு மேலே அதே சரிவில் தேயிலை. கவாத்து வெட்டி மொட்டையாக விட்ட மலை, சில மாதங்களில் மறுபடி பச்சை போர்த்துக்கொள்ளும். கீழே, அதே மண்ணில், அதே மழையில் போட்ட போஞ்சியோ நாலு இலை விட்டதும் நின்றுவிடும். இலை வெளிறும். பிடுங்கிப் பார்த்தால் வேர் நீண்டு ஓடியிருக்காது. கட்டை குட்டையாக, நுனி தடித்துச் சுருங்கியிருக்கும். இரண்டடி தள்ளி மரவள்ளி மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் ஆளுயரம் வளர்ந்து நிற்கும்.

மண்ணில் சத்தில்லை என்று சொல்லிவிடலாம். அப்படியானால் தேயிலையும் மரவள்ளியும் எதைத் தின்று வளர்கின்றன? சத்து இருக்கிறது என்றால் போஞ்சிக்கு என்ன கேடு?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், வீட்டுத் தோட்டத்தை எப்போது, எதைக் கொண்டு தயார்படுத்துவது என்பதும் தெரிந்துவிடும். வசந்தத்துக்குத் தோட்டம் தயார் செய்வது பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலோர் பனி உருகும் நாட்டுக்காரர்கள். உறைந்த மண் இளகுவதற்காகக் காத்திருப்பது அவர்கள் கவலை. நமக்கு உறைபனி இல்லை. மழைதான் நாள் குறிக்கிறது. தையும் மாசியும் கொஞ்சம் வெயில் காட்டும். மார்ச்சிலும் ஏப்ரலிலும் பின்னேரத்தில் இடியோடு இடைப்பருவ மழை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில்தான். ஆனால் இரத்தினபுரி மாவட்டத்தை வெள்ளமும் மண்சரிவும் புரட்டிப்போட்ட 2003இலும் 2017இலும் அது நடந்தது மே மாதத்தில். ஆகவே இங்கே தோட்டத்துக்கு ஆயத்தம் செய்யும் காலம் மாசி, பங்குனி. அந்தச் சில வாரங்களில் செய்ய வேண்டிய முதல் வேலை உரம் போடுவது அல்ல. மழை பல காலமாக மண்ணுக்குச் செய்துவந்த ஒன்றைத் திருத்துவதே முதல் வேலை.

இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். கணக்குப் போட்டால் ஒரு பேர்ச் நிலத்தில் மட்டும் வருடத்துக்கு ஏறக்குறைய 88,000 லீற்றர் விழுகிறது. ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதியைச் செடி குடிக்கும், ஒரு பகுதி மேலோடு வழிந்து கானுக்குப் போகும். மிச்சம் மண்ணை ஊடுருவிக் கீழே இறங்குகிறது. இறங்கும் தண்ணீர் வெறுங்கையோடு போவதில்லை. கரையக்கூடியதையெல்லாம் கூட்டிக்கொண்டு குரு கங்கைக்கும், அங்கிருந்து களு கங்கைக்கும், கடைசியில் களுத்துறையில் கடலுக்கும் போய்விடுகிறது. இதைக் கரைந்தோடல் என்று சொல்லலாம்.

மண் எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிடுவதில்லை; சிலவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் கதையின் மையம் இருக்கிறது. அவிசாவளையிலிருந்து எஹலியகொட, குருவிட்ட வழியாக இரத்தினபுரிக்கு ஓடும் பஸ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். களித்துணிக்கைகளின் மேற்பரப்பிலும் மக்கிய இலைதழைகளிலும் எதிர் மின்னேற்றம் உள்ள இடங்கள் இருக்கின்றன. அவைதான் பஸ்ஸின் இருக்கைகள். கல்சியம், மகனீசியம், பொற்றாசியம் ஆகியவை நேர் மின்னேற்றம் கொண்ட துணிக்கைகள்; கற்றயன்கள் என்று பாடப் புத்தகம் சொல்லும். அவை இருக்கையில் உட்காரும். உட்கார்ந்திருப்பவரைத் தண்ணீர் சும்மா இழுத்துக்கொண்டு போக முடியாது. ஆனால் வேறொருவர் ஏறி வந்து நெருக்கினால் எழுந்து இடம் விட வேண்டிவரும். செடியின் வேரும் இதைத்தான் செய்கிறது. ஓர் ஐதரசன் அயனைக் கொடுத்துவிட்டு ஒரு பொற்றாசியத்தை இறக்கி எடுத்துக்கொள்கிறது.

இது கண்ணால் காண முடியாத சங்கதி. எப்படித் தெரியும்? 1840களில் இங்கிலாந்தின் யோர்க்சயரில் தொம்சன் என்ற நிலக்கிழார், எருவில் உள்ள அமோனியாவை மண் பிடித்து வைத்துக்கொள்வதைக் கவனித்தார். அதைத் தொடர்ந்து ஜோன் தோமஸ் வே என்ற இரசாயனவியலாளர் ஒரு குழாயில் மண்ணை நிரப்பி, மேலே அமோனியம் சல்பேற்றுக் கரைசலை ஊற்றினார். அடியில் சொட்டிய தண்ணீரைச் சோதித்தால் அமோனியம் இல்லை; அதற்குப் பதிலாகக் கல்சியம் சல்பேற்று இருந்தது. சல்பேற்று அப்படியே கடந்து வந்திருக்கிறது. அமோனியம் மட்டும் உள்ளே தங்கி, அதற்கு ஈடான கல்சியத்தை வெளியே தள்ளியிருக்கிறது. மண் வெறும் வடிகட்டி அல்ல, அங்கே ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது என்பதை 1850இல் அவர் வெளியிட்டார். ஒரு மண்ணில் எத்தனை இருக்கைகள் உள்ளன என்பதை அளப்பதற்கு ஆய்வுகூடங்கள் இன்றும் இதே முறையின் வாரிசுகளைத்தான் கையாளுகின்றன. அந்த அளவுக்குக் கற்றயன் மாற்றுக் கொள்ளளவு என்று பெயர்.

இனி மழைக்கு வருவோம். சுத்தமான மழைநீர்கூடக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொள்வதால் இலேசான அமிலம். மண்ணுக்குள் வேரும் நுண்ணங்கிகளும் மூச்சுவிடுவதால் அங்கே காபனீரொட்சைட்டு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். இலை மக்கும்போது சேதன அமிலங்கள் வருகின்றன. அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியாக்கள் தங்கள் பங்குக்கு ஐதரசன் அயன்களை விடுவிக்கின்றன. ஒவ்வொரு மழைக்கும் ஐதரசன் ஏறுகிறது, கல்சியம் இறங்குகிறது. இறங்கியது ஆற்றோடு போகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இது நடந்தால் பஸ்ஸில் யார் மிஞ்சுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அமிலம் எவ்வளவு என்பதை பி.எச். என்ற அளவால் சொல்கிறோம். கொப்பன்ஹேகனில் கால்ஸ்பேர்க் பியர் ஆலையின் ஆய்வுகூடத்தில் இருந்த சோரன்சன் 1909இல் வகுத்த அளவு அது. 7 என்றால் நடுநிலை. ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு அமிலம். 5 என்றால் நடுநிலையைவிட நூறு மடங்கு. தேயிலை விரும்புவது 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட மண்ணை. போஞ்சி, கோவா, தக்காளி போன்றவை 6ஐ ஒட்டி அல்லது அதற்குச் சற்று மேலே கேட்கும். நமது மண்ணைப் போலவே யாழ்ப்பாணத்துச் செம்மண்ணும் சிவப்புத்தான். ஆனால் அங்கே மழை நமது மூன்றில் ஒரு பங்களவே. அடியில் சுண்ணக்கல் கிடக்கிறது. இறங்கிப் போகும் கல்சியத்துக்குப் பதில் ஆள் அடியிலேயே இருப்பதால் அது புளிக்கவில்லை. நிறத்தைப் பார்த்து மண்ணின் குணத்தைச் சொல்ல முடியாது.

இப்போது ஒரு நியாயமான சந்தேகம் எழும். மண் இவ்வளவு கழுவப்பட்டிருந்தால் சிவனொளிபாத மலை அடிவாரக் காடு எப்படி இவ்வளவு அடர்த்தியாக நிற்கிறது? காட்டின் செல்வம் மண்ணில் இல்லை, மரத்தில் இருக்கிறது. இலை விழுந்து மக்கி, அதிலிருந்து கல்சியம் வெளிப்பட்ட மாத்திரத்தில் மேலாக ஓடும் வேர்கள் அதைப் பிடித்து மறுபடி மேலே ஏற்றிவிடுகின்றன. மரங்கள் சத்தை இப்படிப் பிடித்து வைப்பதைக் காட்டிய சோதனை ஒன்று அமெரிக்காவின் நியூ ஹம்ஷயர் மாநிலத்தில், ஹபர்ட் புரூக் காட்டில் நடந்தது. அங்கே நிலத்தின் அடியில் தண்ணீர் கசியாத பாறை. எனவே ஒரு சிறு பள்ளத்தாக்கில் விழும் மழையையும், வெளியேறும் ஓடையையும் அளந்தால் வரவு செலவுக் கணக்கு முழுசாகக் கிடைத்துவிடும். 1965 கடைசியில் ஒரு பள்ளத்தாக்கின் மரங்களையெல்லாம் வெட்டி அங்கேயே போட்டார்கள். மூன்று கோடைகள் புதுச் செடி முளைக்கவிடாமல் களைநாசினி அடித்தார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கைத் தொடவில்லை. வெட்டிய பள்ளத்தாக்கின் ஓடையில் நைத்திரேற்று, குடிநீருக்கு அனுமதித்த அளவையே தாண்டிப் போனது. கல்சியமும் பொற்றாசியமும் பல மடங்கு கூடின. தொடாத பள்ளத்தாக்கின் ஓடை பழையபடி ஓடியது.

இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த இடம் நைத்திரேற்றும் கல்சியமும் சேர்ந்தே வெளியேறியது. நைத்திரேற்று எதிர் மின்னேற்றம் கொண்டது. அதற்கு இருக்கை கிடையாது. மிதிபலகையில் தொங்குகிற பயணி. முதல் மழைக்கே விழுந்துவிடும். விழும்போது தனியாக விழுவதில்லை. தண்ணீரில் நேரும் எதிரும் சமமாக இருக்க வேண்டும் என்பதால் ஒரு கல்சியத்தையோ பொற்றாசியத்தையோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகும். காலியாக்கி மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கும் மரக்கறிப் பாத்தியும் அந்த வெட்டுண்ட பள்ளத்தாக்கின் சின்னப் பிரதிதான்.

பழைய தேயிலை நிலமாக இருந்தால் இன்னொன்றும் சேர்கிறது. அமோனியம் சல்பேற்றும் யூரியாவும் மண்ணில் நைத்திரேற்றாக மாறும்போது அமிலத்தை விட்டுச் செல்கின்றன. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தில் 1856இல் தொடங்கி இன்றும் தொடரும் புல்வெளிச் சோதனையில், சுண்ணாம்பு இடாமல் அமோனியம் சல்பேற்று மட்டும் அதிகமாக இட்டுவந்த துண்டுகளில் பி.எச். 4க்கும் கீழே போயிருக்கிறது. பலவகைப் புல்பூண்டு இருந்த இடத்தில் ஓரிரண்டு வகையே மிஞ்சியது. பல பத்தாண்டுகள் உரம் கண்ட மலையில் ஒரு துண்டை வெட்டி மரக்கறிக்குக் கொடுத்தால், அந்தப் பழைய கணக்கும் சேர்ந்தே கைமாறுகிறது.

சரி, அமிலம் கூடியது. அமிலம்தான் போஞ்சி வேரைச் சுட்டதா? நூறு வருடத்துக்கும் முன்னர் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவின் றோட் ஐலண்டில் ஹார்ட்வெல், பெம்பர் என்ற இருவர் நமது புதிரைப் போன்ற ஒன்றை எதிர்கொண்டார்கள். அமில மண்ணில் பார்லி வாடியது, ரை என்ற தானியம் நன்றாக வளர்ந்தது. மண்ணே இல்லாமல், அதே அளவு அமிலமுள்ள சத்துக் கரைசலில் இரண்டையும் வளர்த்துப் பார்த்தார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் பாதிக்கப்பட்டன. அப்படியானால் மண்ணில் அமிலத்தோடு வேறு ஏதோ ஒன்று இருந்து பார்லியை மட்டும் தாக்கியிருக்க வேண்டும். 1918இல் அவர்கள் கைகாட்டிய குற்றவாளி, அலுமினியம்.

இரத்தினபுரிக்காரருக்கு அலுமினியம் அந்நியமல்ல. நீலக்கல்லும் மாணிக்கமும் குருந்தம் என்ற கனிமம்; அது அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த படிகம். பாறை சிதையும்போது சோடியமும் கல்சியமும் கரைந்து ஆற்றோடு போய்விட, கரையாத குருந்தம் பள்ளத்தில் உருண்டு சேர்ந்து, குழிக்காரர் இல்லம் என்று சொல்லும் சரளைப் படையில் கிடைக்கிறது. கல்லாகாத அலுமினியமோ களியின் உடம்பாகவே மாறி மலைச்சரிவில் தங்கிவிட்டது. சாதாரண மண்ணில் அது பிணைந்தே கிடக்கும், யாருக்கும் தொல்லையில்லை. பி.எச். 5ஐ ஒட்டி, அதற்கும் கீழே இறங்கும்போது அது கரைந்து அயனாகி பஸ்ஸுக்குள் ஏறுகிறது. மும்மடங்கு மின்னேற்றம் கொண்ட பயணி. ஒருவரே மூன்று இருக்கையைப் பிடித்துக்கொள்வார். வேர்நுனியில் பட்டால் சில மணி நேரத்திலேயே நீட்சி நின்றுவிடுகிறது. வேர் கட்டையானால் எரு பக்கத்தில் இருந்தும் எட்டாது. அலுமினியமும் இரும்பும் பொசுபரசைப் பிடித்துக் கட்டியும் வைத்துவிடும். இலை வெளிறியதன் கதை இவ்வளவுதான்.

தேயிலை அலுமினியத்தைத் தடுப்பதில்லை. உள்வாங்கி முற்றிய இலைகளில் ஒதுக்கி வைத்துவிடுகிறது. முற்றிய இலையின் உலர் எடையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் மேல் அலுமினியம் இருப்பதுண்டு. கொழுந்தில் அது மிகக் குறைவு என்பதால் கோப்பையைக் கீழே வைக்க வேண்டியதில்லை. மரவள்ளியும் அலுமினியத்தைத் தாங்கும். லயத்தோரத் துண்டுகளில் எப்போதும் மரவள்ளி நிற்பது பசிக்காக மட்டும் அல்ல. அந்த மண் அனுமதித்த பயிர் அதுதான். நுவரெலியாப் பக்கம் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதற்கும் இதே அலுமினியம்தான் காரணம். அதே செடியின் காலடியில் சுண்ணாம்பு போட்டு வந்தால், அலுமினியம் மறுபடி பிணைந்துகொள்ள, பூ இளஞ்சிவப்பாகிவிடும்.

அந்தச் சுண்ணாம்புதான் மாசி மாத வேலை. நமக்கு எளிதில் கிடைப்பது டொலமைட். கவாத்துக் காலத்தில் தேயிலை மலைக்கும் அளவோடு போடுவதால் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த பொருள். கல்சியமும் மகனீசியமும் கொண்ட காபனேற்றுப் பாறை அது. கண்டி, மாத்தளைப் பக்கம் வெட்டியெடுக்கிறார்கள். மண்ணில் சேர்ந்ததும் காபனேற்று ஐதரசனைப் பிடித்துத் தண்ணீராகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றிவிடுகிறது. அலுமினியம் கரையாத வடிவத்துக்குத் திரும்புகிறது. காலியான இருக்கைகளில் கல்சியமும் மகனீசியமும் உட்காருகின்றன. ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

ஆனால் பாறைத்தூள் மெதுவாகத்தான் கரையும், கரைய ஈரமும் வேண்டும். நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முந்திப் போடச் சொல்வது இதனால்தான். மேலே தூவிவிட்டால் போதாது; டொலமைட் மண்ணுக்குள் தானாக இறங்க வருடக்கணக்காகும். வேர் ஓடும் அரையடி ஆழத்துக்கு முள்ளால் கிளறிக் கலக்க வேண்டும். எவ்வளவு என்பது மண்ணைப் பொறுத்தது. சதுர மீற்றருக்கு 100 முதல் 200 கிராம் வரை என்பது பெரும்பாலும் பாதுகாப்பான அளவு. விவசாயத் திணைக்களத்தின் ஆய்வுகூடத்தில் மண்ணைச் சோதித்துக்கொண்டால் ஊகிக்கத் தேவையில்லை. அது முடியாதென்றால், மண்ணைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் அகிலக் காட்டித் தாள் வாங்கி நனைத்துப் பாருங்கள். துல்லியம் குறைவு, ஆனால் 4.5ஆ 6ஆ என்பது தெரிந்துவிடும்.

2022 ஜூனில், உணவுத் தட்டுப்பாட்டுக்குப் பயந்து, வீட்டுத் தோட்டம் செய்வதற்காக அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போனால்தான் அன்றைய பேர் என்றிருக்கும் தோட்டத் தொழிலாளிக்கு அந்த லீவில் பங்கில்லை. அது ஒருபுறம். லீவோடு ஆளுக்கொரு பை டொலமைட்டும் கொடுத்திருந்தால் ஈரவலயத்தில் மரக்கறி விளைந்திருக்கும். டொலர் கொடுத்து இறக்க வேண்டாத பொருள் அல்லவா அது.

வாங்க வசதியில்லாதவருக்கு அடுப்புச் சாம்பல் இருக்கிறது. இறப்பர் விறகு எரித்த சாம்பலில் கல்சியம், பொற்றாசியம் இரண்டின் காபனேற்றுகளும் உண்டு. டொலமைட்டைவிட வேகமாக வேலை செய்யும். ஆனால் எடைக்கு எடை பலம் குறைவு. வெளியே குவித்து மழையில் நனையவிட்டால் பொற்றாசியம்தான் முதலில் கரைந்து ஓடும். ஆகவே மூடிய வாளியில் சேர்த்து வையுங்கள். பிளாஸ்ரிக் எரித்த சாம்பல் வேண்டாம். சாம்பலையோ டொலமைட்டையோ யூரியாவோடும் பச்சைச் சாணத்தோடும் ஒன்றாகக் கலக்கவும் கூடாது. மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால், செடிக்கு வேண்டிய நைத்திரசன் அமோனியாவாகக் காற்றில் போகிறது என்று அர்த்தம்.

இருக்கையில் ஆளை மாற்றினால் மட்டும் போதாது, இருக்கைகளின் எண்ணிக்கையும் கூட வேண்டும். நமது மண்ணில் மிகுந்துள்ள கயோலின் வகைக் களியில் இருக்கைகள் இயல்பாகவே குறைவு. மக்கிய சேதனப் பொருளில், எடைக்கு எடை, அதைவிடப் பல மடங்கு. அமிலம் தணியும்போது அந்தச் சேதனப் பொருளில் இன்னும் புதிய இருக்கைகள் திறக்கின்றன. டொலமைட்டும் கூட்டெருவும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, கூட்டாளிகள் என்பது இதனால்தான். வெப்பமும் ஈரமும் கூட்டெருவைச் சீக்கிரம் தின்றுவிடுவதால் போகத்துக்குப் போகம் சேர்க்க வேண்டியிருக்கும். வேலி கிளிரிசீடியாவை வெட்டி, தழையைப் பாத்திமேல் பரப்பினால் மே மழையின் துளி நேரே மண்ணில் அறையாது. மக்கும்போது நைத்திரசனும் கொடுக்கும்.

நைத்திரசனைப் பற்றி ஒரே ஒரு விஷயம். யூரியா போடுபவராக இருந்தால் மொத்தத்தையும் நடும்போதே போட்டுவிடாதீர்கள். இரண்டு கிழமை இடைவெளியில் சிறுகச் சிறுக, பெருமழை ஓய்ந்த நாளாகப் பார்த்துப் போடுங்கள். மிதிபலகைப் பயணிகளை ஒரே நாளில் ஏற்றினால் அடுத்த இடிமழைக்கே குரு கங்கையில்தான் தேட வேண்டும். டொலமைட் போட்ட பாத்தியும் அப்படியே இருந்துவிடாது. மழை நிற்காதவரை கல்சியம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மண்ணை மறுபடி சோதித்து, தேவைப்பட்டால் மறுபடி போட வேண்டியிருக்கும். துண்டு முழுவதற்கும் போட வேண்டும் என்றும் இல்லை. ஒரு மூலையை மரவள்ளிக்கும் அன்னாசிக்கும் ஒதுக்கிவிட்டு, போஞ்சியும் கோவாவும் போடப்போகும் பாத்திகளுக்கு மட்டும் செலவழிக்கலாம்.